32 பிட்னு சொல்லி 18,500 ரூவா வாங்கிட்டு 16 பிட் டப்பாவ தலைல கட்டிட்டாங்க

கோவத்துல டைப் பண்றேன், பிழை இருந்தா கண்டுக்காதீங்க. 18,500 ரூவா. ஏமாந்துட்டேன்னு நேத்து ராத்திரி தான் முழுசா புரிஞ்சுது, அதுக்கப்பறம் தூக்கமே இல்ல.

எங்க அப்பத்தாவுக்கு 84 வயசு. எங்க பக்கத்துத் தாலாட்டு எவ்ளோ நீளம்னு செட்டிநாட்டு ஆளுங்களுக்குத் தெரியும், புள்ளைக்கு அம்மான் என்னென்ன சீர் கொண்டாந்தாருன்னு ஆரம்பிச்சா வெள்ளிச் சங்குல இருந்து தொட்டில் கம்பு வரைக்கும் விடாம வரும். அப்பத்தா பாடுறது அவங்க ஆத்தா பாடிக் கேட்டது, எங்கயும் எழுதி வைக்கல. போன்ல எடுத்து வச்சது ஒண்ணு இருக்கு, அதுல பாதி மிக்சி சத்தம். அதான் ஒரு தடவயாவது ஒழுங்கா ரெக்கார்ட் பண்ணிரணும்னு ரெண்டு வருசமா நெனச்சுக்கிட்டே இருந்தேன். கண்டென்சர் மைக் ஏற்கனவே கையில இருக்கு, மைக்க லேப்டாப்போட இணைக்கிற பெட்டி, அதான் இன்டர்ஃபேஸ், அது தான் வாங்கணும்.

16 பிட்டா 24 பிட்டான்னு ஒரு வாரம் மண்டைய ஒடச்சுக்கிட்டேன். பிட்டுங்கறது ரொம்பச் சின்னச் சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் நடுவுல எவ்ளோ எடம் கெடைக்குதுங்கற அளவு, ஒரு பிட்டுக்கு 6 டெசிபல்னு கணக்கு, 16 பிட்னா 96 டெசிபல், சிடியே அவ்ளோதான். 24 பிட்னா காயிதத்துல 144, ஆனா எந்த மெஷினும் அத முழுசா குடுக்காது, நல்லது 120 கிட்ட வந்தாலே பெருசு. இருந்தாலும் 24ல லெவல தாராளமா கீழ வச்சு எடுக்கலாம், திடீர்னு குரல் ஏறினாலும் உடையாது, கொறச்சு எடுத்தோமேன்னு இரைச்சலும் பெருசா கூடாது. சரி 24 பிட் போதும்னு முடிவு பண்ணிட்டு தான் கடைக்கே போனேன். முடிவோட போனவன் முடிவோட திரும்பியிருந்தா இந்தப் பதிவே கெடையாது.

கடை பேரோ ஊரோ சொல்லல. கீபோர்டு, கிட்டார், மண்டபத்துக்கு ஸ்பீக்கர்னு எல்லாம் விக்கிற மாடிக் கடைன்னு வச்சுக்கங்க. உள்ள போனதும் "எந்த ஊரு தம்பி"ன்னாரு, சொன்னேன். "எந்தக் கோயிலு"ன்னாரு, அதயும் சொன்னேன். எங்க ஆளுங்கள்ல ஒரே கோயில்னா பங்காளி முறை. அவ்ளோதான், எந்திரிச்சே நின்னுட்டாரு மனுசன். "அட, நானும் அதே கோயில் தான், பங்காளி ஆயிட்டோமே!" டீ வந்துச்சு. எங்க அப்பச்சி பேரு, ஐயா எந்த ஊர்ல கடை வச்சிருந்தாங்கன்னு எல்லாம் விசாரிச்சாரு, பங்காளின்னு சொன்னதுக்கப்பறம் நான் ஒரு கேள்வி உருப்படியா கேக்கல. இப்ப நெனச்சா அவரு உண்மையிலயே அந்தக் கோயில் தானான்னே சந்தேகமா இருக்கு. வர்ற எல்லாருக்கும் அவங்கவங்க கோயிலுக்கு மாறிக்குவாரோ என்னமோ.

"24 எல்லாம் பழைய கத தம்பி, இது 32 பிட் ஃப்ளோட். அப்பத்தா முணுமுணுத்தாலும் விழும், கத்தினாலும் ஒடையாது. மைக் சத்தத்த ஏத்தி எறக்கற இந்த கெயின் குமிழ முக்கால்ல வச்சுட்டு தொடவே தொடாதீங்க, ஏறிப்போனா பின்னாடி கம்ப்யூட்டர்ல எறக்கிக்கலாம்." பெட்டி மேல 32ன்னு ஸ்டிக்கர் வேற. நம்பிக்கைக்கு என் லேப்டாப்பயே வாங்கி மாட்டி, ரெக்கார்ட் பண்ற சாஃப்ட்வேர் ஆடாசிட்டில தெறந்து காட்டினாரு, "பாருங்க, 32 பிட் ஃப்ளோட்னு வருதா?" வந்துச்சு. 19,500 சொல்லிட்டு "பங்காளிக்கு ஆயிரம் கொறச்சுக்கறேன்"ன்னு 18,500 வாங்கினாரு. எடுத்தவுடனே ஜிபே பண்ணிட்டேன் முட்டாள் மாதிரி.

வளவுல, அதான் வீட்டு நடு முற்றத்துல வச்சு எடுத்தா ஆத்தங்குடிக் கல்லும் தூணும் சேர்ந்து எதிரொலி கூவும்னு ரெண்டாங்கட்டுல ஒரு அறைல ஜமக்காளம், மெத்தையெல்லாம் சொவத்துல சாத்தி, ஃபேன நிறுத்திட்டு உக்கார வச்சேன். வேர்த்து ஊத்துது, அப்பத்தா கண்டாங்கி முந்தானைய வச்சு மொகத்தத் தொடச்சுக்கிட்டே 42 நிமிசம் பாடினாங்க, நடுவுல மூணு மொடக்குத் தண்ணி. அம்மான் சீர் வர்ற எடத்துல குரல் ஏறுச்சு பாருங்க, அந்த வயசுல எங்கேருந்து தான் வருதோ. சத்தம் அளவ மீறிருச்சுன்னு ஸ்க்ரீன்ல செவப்புக் கோடு விழுந்துச்சு. என் கை குமிழ் கிட்ட போயிருச்சு. "தொடவே தொடாதீங்க"ன்னு அவரு சொன்னது ஞாபகம் வந்து கைய எடுத்துட்டேன். 18,500 ரூவாய விட அந்தக் கைய எடுத்தது தான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

கேட்டா, அம்மான் வர்ற எடமெல்லாம் துணி கிழியிற மாதிரி கர்ர்ருனு கேக்குது. சரி எறக்கிக்கலாம்னாரேன்னு எறக்கினா சத்தம் தான் கொறையுது, அலையோட உச்சியெல்லாம் அருவாமனைல நறுக்கின மாதிரி தட்டையா அப்படியே நிக்குது.

மறுநாளே போன் பண்ணேன். "டிரைவர் போட்டீங்களா?" போட்டேன். அடுத்து "உங்க வீட்டு எர்த்து சரியில்ல, பழைய வீடு பாருங்க"ன்னாரு. அப்பறம் "அப்பத்தா மைக்க ஒட்டிப் பாடிருப்பாங்க"ன்னு பழிய கெழவி மேலயே போட்டாரு. நேர்ல போனா கல்லால ஒரு பையன் மட்டும், "ஓனர் ஒரு சடங்குக்குப் போயிருக்காருங்க." மூணு தடவ போனேன், மூணு தடவயும் ஏதோ ஒரு விசேஷம், இந்த மாசத்துல அவ்ளோ முகூர்த்தமாப்பா? கடைசியா ஆள் கெடச்சப்ப "பெட்டி பிரிச்சுட்டீங்களே, வேணும்னா நல்ல கேபிள் ஒண்ணு ஃப்ரீயா தர்றேன்"ன்னாரு. இந்தத் தடவ பங்காளி இல்ல, "சார்" ஆயிட்டேன். வாட்ஸ்அப்ல நான் கேக்கறதுக்கு ப்ளூ டிக்கு மட்டும் விழுது, ஆனா அவங்க ஆஃபர் மெசேஜ் தினம் வந்துருது.

நேத்து சென்னைல மிக்ஸிங் பண்ற கூட்டாளிப் பய கிட்ட ஃபைல அனுப்பினேன். பத்து நிமிசத்துல கூப்புட்டுச் சிரிக்கிறான். ஆடாசிட்டில எந்த மெஷின மாட்டினாலும், ஏன் லேப்டாப்போட சொந்த மைக்க வச்சாலும் டீஃபால்ட்டா 32 பிட் ஃப்ளோட்னு தான் காட்டுமாம், அது சாஃப்ட்வேர் எழுதற கணக்கு, மெஷின் கணக்கு இல்ல. விண்டோஸ்ல சவுண்ட் செட்டிங்ல அந்த மைக்கோட அட்வான்ஸ்ட் பக்கத்தத் தெறக்கச் சொன்னான், லிஸ்ட்ல இருந்தது எல்லாமே 16 பிட். 24 கூட இல்ல! 16 பிட்ட எடுத்து 32 ஃபைல்ல கொட்டி வச்சிருக்கேன், கிட்டத்தட்ட 480 எம்பி, படியளவு நெல்ல மூட்டைல போட்டுக் கட்டின மாதிரி.

அதவிட வயித்தெரிச்சல் அடுத்தது. "மாப்ள, உன் அறைல காக்கா சத்தமும் தெருச் சத்தமுமே இருக்கு, 16 பிட்டே உனக்குத் தாராளம்டா. குமிழக் கொஞ்சம் கீழ வச்சு உச்சி மைனஸ் 12 டெசிபல் கிட்ட இருக்கற மாதிரி எடுத்திருந்தா இந்த டப்பாலயே பாட்டு உருப்படியா விழுந்திருக்கும்"னான். நெசமான 32 பிட் ஃப்ளோட்னா உள்ள சத்தத்த நம்பரா மாத்தற கன்வர்ட்டர் ரெண்டு இருக்குமாம், ஒண்ணு சின்னச் சத்தத்துக்கு ஒண்ணு பெருசுக்கு, அதுல தான் ஏறிப்போனத எறக்க முடியும், அதுலயும் மைக்கே ஒடஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது. ஆக மெஷின்ல மட்டும் ஏமாத்தல, "தொடாதீங்க"ன்னு சொல்லியே பாட்டையும் கெடுத்துட்டாரு. அப்பத்தா கிட்ட இன்னொரு தடவன்னேன், "மூச்சு இல்ல ராசா, மழைக்கப்பறம் பாப்போம்"ங்கறாங்க.

வாங்கப் போறவங்களுக்கு நெறைய எழுதணும்னு தான் ஆரம்பிச்சேன், கை நடுங்குது, சுருக்கமா சொல்லிடறேன். கடைலயே மாட்டி, சாஃப்ட்வேர்ல இல்லாம சவுண்ட் செட்டிங்ல பிட் எவ்ளோன்னு பாருங்க. 32 ஃப்ளோட்னு சொன்னா அங்கயே மைக் கிட்ட கத்தி ரெக்கார்ட் பண்ணி எறக்கிக் காட்டச் சொல்லுங்க, உச்சி உருண்டையா வரணும், தட்டையா வந்தா எந்திரிச்சு வந்துருங்க. வீட்டுக்கு 24 போதும், செவப்பு விழுந்தா எவன் என்ன சொல்லியிருந்தாலும் குமிழக் கொறைங்க. கோயில் பேர கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறப்ப சொல்லுங்க, கடைல வேணாம்.

அப்பறம் பில்லு. மாடல் பேரு, 16ஆ 24ஆங்கறது எல்லாம் எழுதி வாங்குங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு காலைல தான் போன் போட்டேன், எடுத்த அம்மா கேட்ட மொத கேள்வியே "மாடல் என்னங்க"ன்னு தான். என் பில்லுல "சவுண்ட் பெட்டி 1, ரூ. 18,500"ன்னு மட்டும் இருக்கு.