பப்பெட் மாஸ்டர் 2: கித்தா பாலில் பிறந்த கொலைகாரப் பொம்மைகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துக் கித்தா (ரப்பர்) தோட்டங்களில் வளர்ந்தவர்களை அட்டையைக் காட்டிப் பயமுறுத்துவது கடினம். ஈரப் புல்லில் நடந்தால் கணுக்காலில் ஏறத்தான் செய்யும். உப்போ சுண்ணாம்போ வைத்தால் விழுந்துவிடும். அதன் எச்சிலில் உள்ள ஹிருடின் இரத்தத்தை உறையவிடாது என்பதால் அட்டை விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் கசியும், அவ்வளவுதான். ஆள் சாகமாட்டான். இது தெரிந்த நமக்கு, 'பப்பெட் மாஸ்டர் 2' என்ற திகில் படத்தில் வாயிலிருந்து அட்டைகளைக் கக்கி ஆளைக் கொல்லும் 'லீச் உமன்' என்ற பொம்மை என்ன பயத்தைத் தந்துவிடும்?

தருகிறது. காரணம் அட்டை அல்ல, அந்தப் பொம்மையின் தொண்டை. கக்குவதற்கு முன் உடல் ஒருமுறை குலுங்குகிறது, கழுத்து முன்னே வருகிறது, வாய் திறக்கிறது, அதன் பிறகுதான் அட்டை வெளியே வழிகிறது. வயிற்றைப் பிரட்டும் அந்த முன்னோட்டத்தைச் செய்யத் தெரிந்த ஒருவர் கேமராவுக்குப் பின்னால் இருக்கிறார் என்பது அங்கேயே புரிந்துவிடும்.

அவர் டேவிட் ஆலன். பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்திப் படமெடுக்கும் ஸ்டாப் மோஷன் கலைஞர். காட்சி விளைவுகளுக்காக ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். 1989-இல் வந்த முதல் படத்தில் பொம்மைகளுக்கு அசைவு கொடுத்தவரும் அவர்தான். தயாரிப்பாளர் சார்ல்ஸ் பேண்ட் இந்த இரண்டாம் பாகத்தை இயக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்தார். திரையரங்குக்குப் போகாமல் நேராக வீடியோவுக்கு வந்த சின்னப் படம். படத்தின் பலமும் பலவீனமும் ஆலனிடம் இயக்கத்தைக் கொடுத்த அந்த ஒரு முடிவிலிருந்துதான் வருகின்றன.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரிய கைகளும் சிறிய தலையும் கொண்ட 'பின்ஹெட்' கல்லறையைத் தோண்டி, பொம்மைகளைப் படைத்த ஆந்த்ரே தூலோனின் எலும்பின்மேல் மருந்தை ஊற்றி எழுப்புகிறது. பொம்மைகளை ஓடவைக்கும் அந்த மருந்துக்கு மனித மூளைத் திசு வேண்டும். அமானுஷ்யத்தை ஆராய ஒரு குழு பழைய ஹோட்டலுக்கு வந்து தங்குகிறது. மிச்சத்தை ஊகித்துக்கொள்ளலாம். தலையில் துளைக்கருவி கொண்ட 'டன்னலர்' ஒருவரைக் கொன்றபின் பிடிபடுகிறது. குழுவினர் அதை அறுத்துப் பார்க்கிறார்கள். மோட்டார் இல்லை, ரிமோட் இல்லை. மரமும் பற்சக்கரமும், கூடவே அந்தத் திரவமும்தான். கதையில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் அது.

இனி அசைவுக்கு வருவோம். ஒரு நொடிக்கு 24 படம் (ஃபிரேம்). பத்து நொடி நடைக்கு 240 படம். ஒவ்வொரு நிலையையும் இரண்டு படத்துக்கு நிறுத்திவைத்தாலும் 120 முறை பொம்மையைத் தொட்டு நகர்த்த வேண்டும். ஒருமுறை விரல் தவறிப் பட்டு இடுப்பு நகர்ந்துவிட்டால் அதுவரை எடுத்தது போச்சு. அதனால்தான் சின்ன பட்ஜெட்டில் எல்லாவற்றையும் இப்படி எடுக்க முடிவதில்லை. கோல், கம்பி, கைப்பாவை எல்லாம் கலந்துதான் ஓட்டுவார்கள்.

எது எதுவென்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பொம்மையின் பாதமும் அது நிற்கும் தரையும் ஒன்றாகத் தெரிந்து, பொம்மை அடியெடுத்து நடந்தால் அது பெரும்பாலும் ஸ்டாப் மோஷன். இடுப்புக்கு மேல் மட்டும் தெரிந்து, உடல் லேசாக மேலும் கீழும் ஆடினால், கீழே ஆள் படுத்துக்கொண்டு கோலைப் பிடித்திருக்கிறார். கிளந்தான் மாநிலத்து வாயாங் கூலிட் என்ற தோல்பாவை நிழற்கூத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆட்டம் பழக்கமானது. நடுக்கோலைத் தாங்கும் மணிக்கட்டின் நடுக்கம் பாவையின் தலைவரை ஏறும். ஸ்டாப் மோஷனில் அந்த நடுக்கம் வராது. அதற்குப் பதில் வேறொரு வெட்டு வெட்டான அசைவு வரும். ஒவ்வொரு படத்திலும் பொம்மை அசையாமல் நின்றதால் வேகத்தில் வர வேண்டிய மங்கல் விழுவதில்லை. சிலர் இதைக் குறை என்கிறார்கள். கொலைகாரப் பொம்மைக்கு அந்த வெட்டு அசைவுதான் பொருத்தம் என்பது எங்கள் கருத்து. மனிதன்போல் வழவழப்பாக நடந்தால் பயம் போய்விடும்.

இவ்வகைப் பொம்மைகளின் சதை எதனால் ஆனது என்று தெரிந்தால் தோட்டத்து ஆட்களுக்குப் படம் இன்னும் நெருங்கிவரும். உள்ளே உருண்டை மூட்டுகள் கொண்ட எஃகு எலும்புக்கூடு. வெளியே நுரை ரப்பர். மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) சொட்டும் அதே கித்தா பால்தான் அது. கட்டியாகாமல் இருக்கப் பாலில் அமோனியா கலப்பார்களே, அந்த நிலையில்தான் பொம்மைக்காரரின் கைக்கும் போகிறது. அதில் சோப்பு வகை நுரைப்பானும் கந்தகமும் துத்தநாக ஆக்ஸைடும் சேர்த்து, கேக் மாவு அடிப்பதுபோல் இயந்திரத்தில் அடிப்பார்கள். பால் பல மடங்கு பொங்கும். தொடர்ந்து அடிக்க அடிக்க அமோனியா வெளியேறும். கடைசியில்தான் சோடியம் சிலிகோஃபுளோரைடு. அது விழுந்த சில நிமிடங்களில் நுரை இறுகத் தொடங்கும். அதற்குள் எலும்புக்கூடு வைத்த அச்சில் ஊற்றி மூடி, 100 டிகிரிக்குக் கீழே சில மணி நேரம் வேகவைக்க வேண்டும்.

கெடும் இடங்களும் இதிலேயே இருக்கின்றன. அறை சூடாக இருந்தால் ஊற்றுவதற்குள் நுரை இறுகி, அச்சின் விரல் நுனிகள் நிரம்பாமல் போகும். அமோனியா சரியாக வெளியேறாவிட்டால் இறுகாமலே படுத்துவிடும். வேக்காடு போதாவிட்டால் தோல் பிசுபிசுக்கும். எல்லாம் சரியாக வந்தாலும், எடுத்து முடிப்பதற்குள் முழங்கையும் கழுத்தும் மடங்கி மடங்கி வெடிக்கும். விரலுக்குள் இருக்கும் கம்பி முறியும். வெயிலும் எண்ணெய்ப் பசையும் பட்டால் சில வருடங்களில் மரத்திலேயே காய்ந்துபோன ஒட்டுப்பால் போலக் கறுத்துக் காய்ந்து உதிர்ந்துவிடும். இதையெல்லாம் நினைத்துக்கொண்டு 'பிளேட்' என்ற வெள்ளை முகப் பொம்மை கறுப்புக் கோட்டுடன் படிக்கட்டுப் பக்கம் நிற்பதைப் பாருங்கள். சும்மா நிற்பதற்கே எவ்வளவு உழைப்பு!

இந்தப் பாகத்தில் புதிதாக வருவது 'டார்ச்'. இராணுவத் தலைக்கவசம், தோட்டா வரிசைபோல் பல், கைக்குப் பதில் தீ கக்கும் குழாய். ஒரு சிறுவன் தன் விளையாட்டுப் பொம்மைகளைச் சாட்டையால் அடித்து வதைத்துக்கொண்டிருக்கிறான். இதுவும் ஒரு பொம்மைதான் என்று நினைத்து டார்ச்சையும் அடிக்கிறான். பொம்மை அசையவில்லை. இன்னும் ஒரு அடி. அப்புறம் கை மேலே வருகிறது. தீ பாய்கிறது; பையனுக்கு நேர்வதைக் காட்டாமல் காட்சி முடிகிறது. படத்தின் சிறந்த காட்சி இதுவே.

அந்தத் தீயையும் உற்றுப் பார்க்கலாம். நெருப்பைப் படம் படமாக நிறுத்தி எடுக்க முடியாது. அடுத்த படத்துக்கு அதே சுவாலை இருக்காது. எனவே தீ எரியும் துண்டை உண்மை வேகத்தில் தனியாகத்தான் எடுத்தாக வேண்டும். டார்ச் சுடும்போது உடல் கிட்டத்தட்ட உறைந்து நிற்பது அதனால்தான். நடந்து வந்தது ஒரு முறை, நின்று சுடுவது வேறொரு முறை. இரண்டும் சேரும் வெட்டை ஆலன் சத்தத்தைக் கொண்டு மூடியிருக்கிறார்.

குறைகள் மனிதர்கள் பக்கம். ஸ்டீவ் வெல்ஸ் நடித்த தூலோன் முகம் முழுக்கக் கட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக வருகிறார். அவருக்குக் கொடுத்த வசனம் மிக நீளம். பொம்மைக்கு 120 முறை கை வைத்த இயக்குநர், நடிகர்களை வந்து நில், பேசு, போ என்று விட்டுவிட்டதுபோல் தெரிகிறது. நடுவில் கெய்ரோவுக்கு, 1912-க்குப் போகும் பின்கதை கதைக்குத் தேவைதான். ஆனால் அது முடிந்ததும் இறந்த மனைவியின் மறுபிறவி, ஆள் உயரப் பொம்மைக்குள் உயிரை மாற்றுவது என்று இழுத்து, சின்னப் பொம்மைகளை ஓரம் கட்டிவிடுகிறது. கடைசிப் பத்து நிமிடத்தில்தான் அவை மீண்டும் உரிமையுடன் உள்ளே வருகின்றன. ரிச்சர்ட் பேண்டின் சர்க்கஸ் ராட்டின இசை மட்டும் எங்கும் தொய்யவில்லை.

தொடரை முழுதாகப் பார்க்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1991-இல் வந்த மூன்றாம் பாகம் நாஜிக் கால பெர்லினுக்குப் பின்னோக்கிப் போய், தூலோனை நல்லவராக்கிவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு இதற்கு வந்தால் இந்த மூளை திருடும் தூலோன் குழப்புவார். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று வந்த வரிசையிலேயே பாருங்கள்.

குடும்பத்தோடு பார்க்கும் படம் அல்ல. நிர்வாணக் காட்சி உண்டு, இரத்தமும் உண்டு. அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழ். தோட்டத்து மண்டபத்தில் திரை கட்டிப் போடலாம் என்று நினைப்பவர்களும் விட்டுவிடுங்கள். பொதுத் திரையிடலுக்குத் தணிக்கை வாரிய அனுமதி வேண்டும்.

வட்டு வாங்குவதாக இருந்தால் உறையின் பின்புறத்தைப் பாருங்கள். டிவிடியில் வட்டாரம் (ரீஜன்) 1 என்று இருந்தால் நம் ஊர் வட்டாரம் 3 கருவியில் ஓடாது. ப்ளூ-ரேயில் அமெரிக்காவும் மலேசியாவும் ஒரே 'ஏ' வட்டாரம். அந்தத் தொல்லை இல்லை. பழைய வீடியோ டேப் கிடைத்தால் ஆசைப்பட்டு உடனே போட்டுவிடாதீர்கள். நம் ஈரக் காற்றில் டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும். அது கருவியில் டேப்பைப் படிக்கும் தலையில் ஒட்டி, அடுத்துப் போடும் டேப்புக்கும் தொற்றும்.

தொலைக்காட்சியில் இன்னொன்று. புதிய பெட்டிகளில் அசைவை வழவழப்பாக்கும் ஓர் அமைப்பு கடையிலிருந்து வரும்போதே போட்டிருக்கும். இரண்டு படத்துக்கு நடுவே இல்லாத படத்தை அது தானே போட்டு நிரப்பும். ஆலன் கைப்பட வைத்த 120 நிலைகளுக்கு இடையே பெட்டி தன் இஷ்டத்துக்குப் புகுந்தால் பின்ஹெட் தண்ணீரில் மிதப்பதுபோல் நடக்கும். பட அமைப்புக்குள் போய் அதை அணைத்துவிட்டு, விளக்கையும் அணைத்துவிட்டு, கல்லறைக் காட்சியிலிருந்து தொடங்குங்கள்.