அட்டை கடித்த மூன்று வருடம்

"ஆண்டுச் சந்தா பாதி விலைக்கு வந்திருக்கு அக்கா, வாங்கலாமா?" என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி வாட்ஸாப்பில் கேட்டிருந்தான். டிசம்பரில் ஜப்பானிய மொழித் தேர்வு எழுதுகிறான், என்3 (ஐந்து நிலைகளில் நடு நிலை, எண் குறையக் குறையக் கடினம்). நான் எந்த ஃபிளாஷ்கார்டு செயலியில் சொற்கள் படித்தேன் என்பது அவனுக்குத் தெரியும், சந்தா அதற்குத்தான். முதலில் "வாங்காதே" என்று அடித்தேன், அழித்தேன். அப்புறம் "வாங்கு" என்று அடித்து அதையும் அழித்தேன். ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஃபிளாஷ்கார்டு செயலி எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு அட்டையில் சொல்லைக் காட்டும், பொருள் நினைவிருந்தால் ஒரு பொத்தான், இல்லாவிட்டால் இன்னொன்று. நினைவிருந்தது நாலு நாள் கழித்து வரும், பிறகு பத்து நாள், பிறகு ஒரு மாதம். மறந்தது நாளைக்கே திரும்ப வந்து நிற்கும். செயலியின் பெயர் வேண்டாம், இந்த வகையில் எல்லாம் ஒரே அடுப்பில் வெந்தவைதான். நான் மூன்று வருடம் நாலு மாதமாக வைத்திருக்கிறேன். ஒரு கட்டத்தில் ஏறக்குறைய 5,800 அட்டைகள். படித்தது பெரும்பாலும் தோக்கியோவில் நிஷிகசாயிலிருந்து காலையில் அலுவலகம் போகும் தோசாய் லைன் ரயிலில்தான். அந்த ரயிலின் கூட்டம் தெரிந்தவர்களுக்குப் புரியும்: ஒரு கை கம்பியில், மற்ற கையின் கட்டைவிரல் மட்டும் அசையும். அந்த நிலையிலும் படிக்க முடிந்தது இது ஒன்றைத்தான்.

நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். என்3, என்2 இரண்டும் இதனால்தான் தேறினேன். கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்து, கண்ணில் பட்டாலே படிக்க வருகிறது. வார்டு அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தை யாரிடமும் காட்டாமல் பிரிக்கிறேன். முதல் வருடம் அந்த உறையைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும்.

ஆனால் அந்தத் தேர்வு எப்படிப்பட்டது என்று பாருங்கள். என்5 முதல் என்1 வரை எந்த நிலையிலும் பேச வேண்டியதே இல்லை. எழுதவும் வேண்டாம். படிக்கலாம், கேட்கலாம், கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்து வட்டத்தைக் கறுப்பாக்கலாம். என் அட்டையும் அதையேதான் பழக்குகிறது. பார், அடையாளம் கண்டுகொள், பொத்தானை அழுத்து. இரண்டும் சம்பந்தி வீட்டார் மாதிரி ஒன்றையொன்று மெச்சிக்கொள்ள, நடுவில் நான் வாய் திறக்காமலே என்2 ஆகிவிட்டேன். (இதில் இன்னொரு கூத்து: 2010இல் தேர்வு முறை மாறியதிலிருந்து அதிகாரப்பூர்வமான சொற்பட்டியல் எதுவும் வெளியாவதில்லை. 'என்2 முழுச் சொற்பட்டியல்' என்று செயலிக்குள் விற்கிறார்களே, அதெல்லாம் தொகுத்தவரின் கணிப்பு. நல்ல கணிப்பாகவே இருக்கலாம், ஆனால் 'முழு' என்கிற வார்த்தைக்குக் காசு கொடுக்காதீர்கள்.)

என்2 முடிவு வந்த வாரம் தெருமுனைக் கடையில் ஒரு சாப்பாட்டு டப்பா எடுத்துக்கொண்டு போய் நின்றேன். கல்லாவில் இருந்த பையன் மளமளவென்று ஏதோ கேட்டான். 2020 ஜூலையில் பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்க ஆரம்பித்ததிலிருந்து எல்லாக் கடையிலும் பை வேண்டுமா என்று கேட்பார்கள், அதுதான் என்று நினைத்து வேண்டாம் என்று தலையாட்டினேன். அவன் கேட்டது "அத்தத்தமெமாஸ்கா", அதாவது சூடாக்கித் தரட்டுமா என்று. ஜனவரி மாதம், ஆறிப்போன சோறு, மீன். அந்தச் சொல் என்னிடம் இருக்கிறது! ஒன்றரை வருடமாக ஒரு தடவைகூட தவறாமல், அடுத்து ஏழு மாதம் கழித்துத்தான் வருவேன் என்று பெருமையாக உட்கார்ந்திருந்த அட்டை. அந்தக் கான்ஜியைப் பார்த்தால் தூக்கத்திலும் சொல்வேன். காதில் விழுந்தால்தான் தெரியாது.

இப்போது என் தீராத எரிச்சலுக்கு வருகிறேன். ஒரே அட்டையில் எட்டுத் தடவை தவறினால் இந்தச் செயலி அதற்கு ஒரு முத்திரை குத்தி ஓரமாக ஒதுக்கிவிடும். அந்த முத்திரைக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயர் 'லீச்'. நம் நேரத்தை உறிஞ்சுகிறதாம். முதல் தடவை பார்த்தபோது ரயிலிலேயே சிரித்துவிட்டேன், பக்கத்தில் நின்றவர் அரை அடி நகர்ந்தார். தமிழில் இதற்கு முத்திரையே தேவையில்லையே, அட்டை என்றாலும் அட்டைதான், லீச் என்றாலும் அட்டைதான். வால்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும், அது கடிப்பது தெரியாது, குடித்து முடித்துப் பெருத்த பிறகுதான் தெரியும்.

என்னிடம் அப்படி 214 அட்டைகள் சேர்ந்திருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துப் பார்த்தேன். கடினமான சொற்கள்தான் இருக்கும் என்று நினைத்தால், இல்லை. பொருளாதாரம், அணு உலை, நீதிமன்றம் எல்லாம் சமர்த்தாக நினைவில் இருந்தன. ஒட்டிக்கொண்டு குடித்தவை எல்லாம் சாதாரண வீட்டுச் சொற்கள். உடைந்தது, உடைத்தது. நின்றது, நிறுத்தினேன். சுழன்றது, சுழற்றினேன்.

இது ஏன் என்று புரிய ஒரு வருடம் ஆயிற்று, புரிந்ததும் அலுவலகத்தில் அவமானப்பட்ட பிறகுதான். பிரிண்டர் வேலை செய்யவில்லை. பிரிவுத் தலைவரிடம் போய் "கொவாஷிமாஷ்தா" என்றேன். சொல்லியிருக்க வேண்டியது "கொவாரெமாஷ்தா". பின்னது, பழுதாகிவிட்டது. நான் சொன்னது, பழுதாக்கிவிட்டேன். அந்த மனிதர் எழுந்து வந்து பிரிண்டரைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார், அடி ஏதும் பட்டதா என்று கேட்டார். மறுக்கவும் வார்த்தை வரவில்லை. அன்று மாலை வரை நான் பிரிண்டரை அடித்து உடைத்த பெண்.

இரண்டு அட்டைகளிலும் பொருள் என்று போட்டிருந்தது ஒரே ஆங்கிலச் சொல், 'பிரேக்'. ஒன்றுக்குப் பக்கத்தில் இலக்கணச் சுருக்கக் குறி ஒன்று, மற்றதற்கு வேறொரு குறி. ஆங்கிலத்தில் உடைந்ததற்கும் உடைத்ததற்கும் ஒரே சொல் போதும். அதனால் ஜப்பானியம் படிக்கும் ஆங்கிலேயனுக்கு இது பெரிய மலை, அவன் பட்டியல் போட்டு உருட்டித்தான் ஆக வேண்டும். எனக்கு என்ன வந்தது? என் மொழியில் உடைந்தது வேறு, உடைத்தது வேறு. திரும்பினேன், திருப்பினேன். நிரம்பியது, நிரப்பினேன். ஓடியது, ஓட்டினேன். மூன்று வயதில் பாலைக் கொட்டிவிட்டு "கொட்டிடுச்சு" என்று சொல்லித் தப்பித்தவள் நான், "கொட்டிட்டேன்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. இந்த வித்தியாசம் எனக்கு ரத்தத்தில் இருக்கிறது. இருந்தும் நடுவில் ஆங்கிலம் என்று ஒரு தரகரை உட்கார வைத்து, எனக்குத் தெரிந்ததை அவருக்குத் தெரியாததாக மாற்றி, அதைத் திரும்ப மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அதற்குச் சந்தா வேறு.

மறதியை அளந்து பார்த்த எப்பிங்ஹாஸ் என்கிற ஜெர்மானியர் 1885இல் வெளியிட்டது தன்னையே வைத்துச் செய்த சோதனை. அதற்காகவே பொருளில்லாத அசைகளை உருவாக்கி மனப்பாடம் செய்தார், எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று குறித்துக்கொண்டார். செயலிக்காரர்கள் எல்லோரும் சரிந்து விழும் அந்த மறதி வரைகோட்டைத்தான் விளம்பரத்தில் போடுகிறார்கள். அவர் வேண்டுமென்றே பொருளில்லாததைப் படித்தார். நான் பொருள் உள்ளதை எடுத்து, வேற்று மொழிக் குறிப்பு ஒன்றை ஒட்டி, பொருளில்லாததாக்கிப் படித்திருக்கிறேன். கோடு சரியாமல் என்ன செய்யும்?

இதற்கு நேர் எதிராக ஒன்று நடந்தது, அதைச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவே பாதிதான். ஜப்பானியத்தில் இரட்டைச் சொற்கள் கணக்கில்லாமல் உண்டு. ஆங்கிலப் பாடநூல்கள் இதைக் கடைசி அத்தியாயத்தில் வைத்து, வெளிநாட்டவருக்கு மிகக் கடினம் என்று பயமுறுத்தும். எனக்கோ இவை அட்டையில் ஏறுவதற்கு முன்பே மனதில் ஏறிவிட்டன. பிக்காபிக்கா என்றால் பளபள. பெத்தாபெத்தா, பிசுபிசு. த்சுருத்சுரு, வழவழ. ஜராஜரா, சொரசொர. தொக்கிதொக்கி, படபட. இரட்டைக்கிளவி பேசி வளர்ந்தவர்களுக்கு இதில் மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது, அடுத்த வீட்டுப் பாத்திரச் சத்தம் மாதிரிதானே. சரளமாகப் பேசுவதற்கே பெராபெரா என்றுதான் சொல்கிறார்கள்.

போன வருடம் கடைவாய்ப் பல் வலி. பல் மருத்துவர் என்ன மாதிரி வலி என்று கேட்டார். வீக்கம், ஈறு, சொத்தை என்று நான் அட்டையில் சேர்த்திருந்த மருத்துவச் சொற்கள் ஒன்றும் அந்த நாற்காலியில் சாய்ந்த நிலையில் வரவில்லை. "ஜுக்கிஜுக்கியா, ஷிக்குஷிக்குவா?" என்றார். வின்வின்னென்று தெறிக்கிற வலியா, விடாமல் மெதுவாக இருக்கிற வலியா. யோசிக்கவே இல்லை, ஜுக்கிஜுக்கி என்றேன். மூன்று வருடத்தில் நான் ஜப்பானியத்தில் யோசிக்காமல் சொன்ன முதல் சொல் அது என்றே நினைக்கிறேன். வலியோடு வலியாகக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

214இல் என்னை அதிகம் குடித்தது 'செக்கக்கு' என்கிற சொல். பதினேழு தடவை தவறியிருக்கிறேன். அட்டையில் ஆங்கிலத்தில் மூன்று பொருள் இருந்தது: சிரமப்பட்டு, அன்புடன், அரிதான. இந்த மூன்றுக்கும் என்ன சம்பந்தம்? ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று விட்டுப்போகும். பிறகு ஒரு நாள், கீழ் வீட்டுப் பாட்டிக்கு வந்த பார்சலை நான் வாங்கி வைத்திருந்தேன், கொடுக்கப் போனேன். வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன், விடவில்லை. "செக்கக்கு வந்தாய், தேநீர் குடித்துவிட்டுப் போ" என்றார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு வாய் காப்பி குடிக்காமல் போனால் எப்படி! கரூரில் என் அத்தை வாசலில் நின்று சொல்கிற அதே வாக்கியம், அதே உரிமைக் கோபம். வந்தது வந்துவிட்டாய், அதை வீணாக்காதே என்பதுதான் அந்தச் சொல்லின் உயிர். மூன்று ஆங்கிலப் பொருளையும் அழித்து "இவ்வளவு தூரம் வந்துட்டு..." என்று அட்டையில் எழுதினேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் தவறவில்லை.

இன்னொரு குறை, சுருக்கமாக. ஊரில் கல்யாணம் என்று மூன்று வாரம் போயிருந்தேன். பெண் வீட்டு வேலை, செயலியைத் திறக்கவே இல்லை. திரும்பி வந்தால் 1,900 அட்டைகள் வரிசையில் நிற்கின்றன. மீட்டர் வட்டி தோற்றது. கட்டிக்கொண்டே இருக்கிறேன், அசல் குறையவில்லை. இந்த ஒரு பயத்தாலேயே பலர் நிரந்தரமாக நிறுத்திவிடுகிறார்கள், எனக்குத் தெரிந்தே நாலு பேர். நான் 1,200ஐக் கண்ணை மூடிக்கொண்டு அழித்தேன். என்ன ஆயிற்று தெரியுமா, ஒன்றும் ஆகவில்லை. வேண்டிய சொல் ஏதாவது ஒரு வழியில் திரும்பி வந்துவிட்டது.

இப்போது என் வழக்கம் வேறு. மற்றவர்கள் செய்த தொகுப்பை இறக்குவதில்லை. ஒரு நாளைக்கு ஐந்து புதுச் சொல்தான், அதுவும் யாராவது என்னிடம் சொன்னதாகவோ நான் சொல்ல முயன்று முடியாமல் விழித்ததாகவோ இருக்க வேண்டும். பொருள் தமிழில். எழுத்துக்கு முன்னால் ஒலி வரும்படி மாற்றிவிட்டேன். ரயிலில் படிப்பதையும் விட்டேன், அங்கே யாரும் வாய் திறக்கக் கூடாது, எனக்கோ வாய்ப்பாடு ஒப்பித்த பழக்கம், சத்தமாகச் சொன்னால்தான் ஏறும். சமையலறையில் சத்தமாகச் சொல்கிறேன். சாம்பார் கொதிக்கும்போது ஐந்து சொல்.

ஆக தம்பி, வாங்காதே. பாதி விலைக்கும் வாங்காதே. ஒரு நோட்டுப் புத்தகம் போதும், மிச்சக் காசில் இங்கே வந்ததும் யாரையாவது சாப்பிடக் கூட்டிப் போ. நான் போன செவ்வாய்க்கிழமை சந்தாவைப் புதுப்பித்தது உனக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் நீ எப்படியும் கேட்பாய். அது வேறு கதை, 4,000க்கும் மேல் அட்டை உள்ளே கிடக்கிறது, விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. அப்புறம் அந்த வார்டு அலுவலகக் கடிதம்.

தமிழில் பொருள் எழுதிய அட்டைகள் இதுவரை 340 ஆகியிருக்கின்றன. வேண்டுமானால் அனுப்புகிறேன், உடைந்தது, உடைத்தது மாதிரி வினை ஜோடிகள் பெரும்பாலும் முடிந்துவிட்டன. 'கக்காரு' மட்டும் பாக்கி. நேரம் கக்காரு, பணம் கக்காரு. இந்த இரண்டுக்கும் 'ஆகும்' என்று போட்டுச் சந்தோஷப்பட்டேன், நேரம் ஆகும், செலவு ஆகும், கச்சிதம். ஆனால் தொலைபேசி வந்தாலும் கக்காரு, பூட்டு விழுந்தாலும் கக்காரு, சுவரில் படம் தொங்கினாலும் அதே. பூட்டு ஆகும் என்று யார் சொல்வார்கள்? பதினொரு தடவை தவறிவிட்டேன். யாருக்காவது ஒரே தமிழ்ச் சொல் தோன்றினால் சொல்லுங்கள்.