குழாய் கேஸா, சிலிண்டரா? நான் பார்த்தது விலையை அல்ல, கேஸ் தடையில்லாமல் வருமா என்பதை

எங்கள் குடியிருப்பில் குழாய் கேஸ் வாங்கலாமா என்று கூட்டம் போட்டபோது பேச்செல்லாம் டெபாசிட்டையும் மாத பில்லையும்தான் சுற்றி வந்தது. நான் விண்ணப்பித்தேன், இப்போது எங்கள் அடுப்பு எரிவது குழாயில்தான். பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் இதே கேள்வி வந்திருக்கிறது. என் சாய்வு குழாய் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு நான் சொல்லும் காரணம் மட்டும் வழக்கமாகச் சொல்வதிலிருந்து வேறு.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாக முடித்துவிடலாம். குழாயில் புக்கிங் இல்லை, பாதிச் சமையலில் தீர்ந்துபோவதில்லை, படியேற்றிச் சுமக்க வேண்டியதில்லை. குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, கசிந்தால் மேலே போய்விடும். சிலிண்டரில் இருக்கும் எல்பிஜி கனமானது, தரையோடு தேங்கும். சிலிண்டரின் பலம் என்னவென்றால் வீடு மாறினாலும் இணைப்பு கூடவே வரும், எந்த ஊரிலும் கிடைக்கும். குழாய் சென்னையிலேயே இன்னும் எத்தனையோ தெருக்களுக்கு வந்து சேரவில்லை.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியபோது சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 868.50 ரூபாய் ஆனது. அதே அளவு வெப்பத்துக்குக் குழாயில் ஏறக்குறைய 17, 18 கன மீட்டர் செலவாகும். கன மீட்டர் 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 850-லிருந்து 900 ரூபாய். மாதத்துக்கு மாதம் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ கொஞ்சம் சாயும். இதை வைத்து முடிவெடுக்க முடியாது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்தான். நாளைக்கு உலகத்தில் எங்காவது சண்டை வந்து கேஸுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டால் யாருக்கு முதலில் கொடுப்பார்கள், யாருக்கு முதலில் நிறுத்துவார்கள்? இதற்கான பதில் அரசின் ஒதுக்கீட்டு விதிகளில் இருக்கிறது. அடுப்பு வாங்குகிறவர்கள் அந்த விதிகளைப் படிப்பதில்லை.

முதலில் சிலிண்டர். இந்தியா ஆண்டுக்குச் சுமார் 3.1 கோடி டன் எல்பிஜி பயன்படுத்துகிறது. அதில் ஏறக்குறைய 60 சதவீதம் இறக்குமதி. அதிலும் பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து ஹோர்முஸ் நீரிணை வழியாகக் கப்பலில் வருகிறது. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதிக்கொண்டபோது அந்த நீரிணையை மூடும் பேச்சு எழுந்தது. என் சமையலறை எவ்வளவு தூரத்திலிருக்கும் ஒரு குறுகிய கடல்வழியை நம்பியிருக்கிறது என்று அப்போதுதான் கணக்குப் போட்டேன். எல்பிஜியைச் சேமிக்க விசாகப்பட்டினத்தில் 60,000 டன், மங்களூரில் 80,000 டன் கொள்ளும் பாறைக் குகைக் கிடங்குகள் உள்ளன. நாட்டின் ஒரு நாள் தேவையே 85,000 டன் அளவுக்கு வருகிறது. பாட்டிலிங் ஆலைகளின் தொட்டிகளில் இருப்பதைச் சேர்க்காமல் பார்த்தால், இந்த இரண்டு குகைகளும் நிரம்பியிருந்தாலும் இரண்டு நாளைத் தாண்டாது.

அரசு சும்மா இருக்கவில்லை. 2026-ம் ஆண்டுக்கு அமெரிக்காவிலிருந்து 22 லட்சம் டன் எல்பிஜி வாங்கப் பொதுத்துறை நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. இது மொத்த இறக்குமதியில் பத்தில் ஒரு பங்கு. வளைகுடா விலையிலிருந்து நம்மைக் காப்பாற்ற எண்ணெய் நிறுவனங்களை நட்டத்துக்கு விற்க வைத்து, பிறகு அந்த நட்டத்தை ஈடுகட்டவும் செய்கிறது: 2022-ல் 22,000 கோடி ரூபாய், 2025-ல் 30,000 கோடி ரூபாய். அது வரிப்பணம்தான். அப்படியும் 2023 மார்ச்சில் சென்னையில் சிலிண்டர் 1,118.50 ரூபாய் வரை போனது.

இப்போது குழாய். இதிலும் நாட்டின் தேவையில் பாதியளவு இறக்குமதிதான், கப்பலில் குளிரூட்டித் திரவமாக வரும் எல்என்ஜி. பெரிய பங்கு கத்தாருடையது; அந்தக் கப்பல்களும் ஹோர்முஸைக் கடந்துதான் வர வேண்டும். எல்என்ஜி இறக்குமதி செய்யும் பெட்ரோநெட் நிறுவனம் கத்தாருடன் போட்டிருக்கும் ஆண்டுக்கு 75 லட்சம் டன் ஒப்பந்தம் 2024-ல் 2048 வரை நீட்டிக்கப்பட்டது. கிடங்கு விஷயத்திலும் குழாய் உசத்தி இல்லை. எரிவாயுவுக்கென்று நிலத்தடிச் சேமிப்பு நம்மிடம் கிடையாது.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? உள்நாட்டுக் கிணறுகளில் கிடைக்கும் விலை குறைந்த எரிவாயுவை யாருக்குக் கொடுப்பது என்பதில். மத்திய அரசின் வரிசைப்படி வீட்டுச் சமையலும் வாகன சிஎன்ஜியும் முன்னால் நிற்கின்றன. வீட்டுக் குழாய்க்குத் தேவைப்படுவது நாட்டின் மொத்தப் பயன்பாட்டில் மிகச் சிறிய பங்கு. உள்நாட்டு உற்பத்தியிலிருந்தே அதைக் கொடுத்துவிடலாம். எல்பிஜியில் அப்படி முடியாது. அங்கே பெரும்பகுதி வீட்டுச் சமையலுக்கே போகிறது, உள்நாட்டில் கிடைப்பது அதில் பாதிக்குக்கூடப் பற்றாது.

இந்த வரிசை வெறும் காகிதத்தில் இருப்பதல்ல என்பதை 2022 காட்டியது. ரஷ்யாவின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமுடன் நம் பொதுத்துறை எரிவாயு நிறுவனமான கெயில் 2012-ல் 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டிருந்தது. உக்ரைன் போருக்குப் பிறகு காஸ்ப்ரோமின் ஜெர்மனிக் கிளையை ஜெர்மன் அரசு எடுத்துக்கொள்ள, அதன் சிங்கப்பூர் பிரிவு இந்தியாவுக்கு வர வேண்டிய சரக்குகளை அனுப்பவில்லை. கெயில் உர ஆலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கொடுப்பதைக் குறைத்தது. வீட்டுக் குழாய்களுக்கு அந்த வெட்டு வரவில்லை. 2024 அக்டோபர், நவம்பரில் உள்நாட்டு எரிவாயு போதாமல் அரசு இரண்டு முறை ஒதுக்கீட்டைக் குறைத்தபோதும் கை வைத்தது சிஎன்ஜி பங்கில்தான். சமையலறைப் பங்கை விட்டுவைத்தது. இரண்டு நெருக்கடியிலும் வீடு கடைசி வரிசைக்குத் தள்ளப்படவில்லை. என் முடிவு முழுக்க இதில்தான் நிற்கிறது.

விலைக்கும் ஒரு பிடி உண்டு. பழைய வயல்களின் எரிவாயு விலை 2021 அக்டோபரில் ஒரு எம்எம்பிடியுவுக்கு (எரிவாயுவை வெப்பத்தால் அளக்கும் அலகு) 2.90 டாலராக இருந்தது. 2022 ஏப்ரலில் 6.10, அக்டோபரில் 8.57 ஆகிவிட்டது. குழாய் கேஸ் பில்லும் கூடவே ஏறியது. பிறகு அரசு அமைத்த கிரித் பாரிக் குழுவின் பரிந்துரையை ஒட்டி 2023 ஏப்ரலில் விதி மாறியது: இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் விலையில் 10 சதவீதம்; ஆனால் 4 டாலருக்குக் கீழே இறங்காது, 6.50-க்கு மேலே ஏறாது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு உச்சவரம்பு ஆண்டுக்கு 25 சென்ட் ஏறும் என்பதால் 2025 ஏப்ரலில் 6.75 ஆனது.

இந்த உச்சவரம்பு எனக்கு நிம்மதி தருகிறது, ஆனால் அதிலேதான் எதிர்காலத்தின் சிக்கலும் இருக்கிறது. விலையைக் கட்டிவைத்தால் புதுக் கிணறு தோண்ட யாருக்கு ஆர்வம் வரும்? பழைய வயல்கள் ஆண்டுதோறும் வற்றிக்கொண்டே போகின்றன. அதனால்தான் ஓஎன்ஜிசி, ஆயில் இந்தியா தோண்டும் புதுக் கிணறுகளுக்கு மட்டும் 10 சதவீதத்துக்குப் பதில் 12 சதவீதம் என்று அரசு இடம் கொடுத்திருக்கிறது. இது சரியான பாதை என்றுதான் நினைக்கிறேன். கிருஷ்ணா–கோதாவரிப் படுகையின் கேஜி-டி6 வயல் 2009-ல் தொடங்கி 2010-ல் உச்சம் தொட்டு, பிறகு சரசரவென்று சரிந்ததையும் அதை நம்பிக் கட்டிய மின்நிலையங்கள் எரிவாயு இல்லாமல் நின்றதையும் மறந்துவிடக் கூடாது. விலை கொடுத்தால் மட்டும் வாயு வந்துவிடாது. கொடுக்காவிட்டால் தேடவே மாட்டார்கள்.

'காவிரிப் படுகையில் எடுக்கலாமே' என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நெடுவாசல் போராட்டத்துக்குப் பிறகு, 2020-ல் தமிழ்நாடு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டது. புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு அங்கே இடமில்லை. அந்தச் சட்டம் வேண்டும் என்பதே என் கருத்து. சோறு வேகும் வாயுவுக்காக நெல் விளையும் நிலத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. அப்படிச் சொன்னால் அதன் விலையையும் ஏற்கத்தான் வேண்டும். தமிழ்நாட்டுக் குழாய்கள் 2019-ல் திறந்த எண்ணூர் எல்என்ஜி முனையத்தைத்தான் பெருமளவு நம்பியிருக்கும். உள்நாட்டு வாயு நமக்கு முன்னுரிமையில் ஒதுக்கப்பட்டாலும், அதை இங்கே கொண்டுவரும் நெடுங்குழாய் இணைப்புகள் வலுவாக இல்லையென்றால் அந்த ஒதுக்கீட்டின் பலன் பாதிதான்.

குழாயில் எனக்குப் பிடிக்காதது வேறொன்று. ஒரு பகுதிக்கு ஒரே நிறுவனம். 2006-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த பெட்ரோலிய, இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் ஏலம் விட்டு உரிமம் தருகிறது. குழாய் போடும் தனியுரிமை 25 ஆண்டுகள். சிலிண்டரில் ஏஜென்சி பிடிக்கவில்லையென்றால் மாறிக்கொள்ளலாம். குழாயில் எங்கே மாறுவது? வீட்டுக்கு விற்கும் விலையையும் அந்த நிறுவனமே வைக்கிறது, அரசின் உச்சவரம்பு கிணற்றடி விலைக்குத்தான். போதாததற்கு இயற்கை எரிவாயு ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் மாநில வாட் தனி. எங்கள் பகுதியில் மீட்டர் ரீடிங் குழப்பம் ஒன்றைத் தீர்க்கப் பலமுறை போன் செய்ய வேண்டியிருந்தது.

நான் குழாய்க்கு மாறிய பிறகு பெரிய தட்டுப்பாடு எதையும் சந்திக்கவில்லை. 2022-ல் நானும் சிலிண்டர்காரன்தான்; குழாய் வீடுகள் தப்பித்ததைச் செய்தியாகத்தான் அறிவேன். அதனால் அவசரத்துக்கு ஒரு இண்டக்ஷன் அடுப்பும் வைத்திருக்கிறேன். வாடகை வீட்டில் இருப்பவர்கள், ஓரிரு ஆண்டில் ஊர் மாறப்போகிறவர்கள் சிலிண்டரிலேயே இருக்கட்டும். சொந்த வீடும் வாசல்வரை குழாயும் இருந்தால் யோசிக்க வேண்டாம்.

எங்கள் தெருமுனையில் மெஸ் நடத்தும் அண்ணனும் என்னிடம் கேட்டார். அவருக்கு நான் இப்படிச் சொல்லவில்லை. அந்த முன்னுரிமை வரிசையில் வீட்டு அடுப்பு உண்டு, கடை அடுப்பு இல்லை. வணிக இணைப்புக்கு வருவது பெரும்பாலும் சந்தை விலை எல்என்ஜி. நெருக்கடி வந்தால் தொழிற்சாலைகளோடு சேர்த்து அவருக்கும் வெட்டு விழலாம். குழாய் வாங்கினாலும் வணிக சிலிண்டர் இணைப்பை ஒப்படைக்க வேண்டாம், இரண்டுக்கும் தனித்தனி பர்னர் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா என்றேன்.