ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலை: லேத் பிடித்தவர்கள் பார்க்க வேண்டிய இடம்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருக்கிறது இந்த அருங்காட்சியகம். கட்டணம் கிடையாது. 1794 முதல் 1968-ல் மூடப்படும்வரை அந்நாட்டு அரசின் துப்பாக்கித் தொழிற்சாலையாக இருந்த இடம். உள்ளே போகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கி அடுக்குகள் பக்கம்தான் போகிறார்கள். பட்டறையில் டர்னராக, அதாவது லேத் என்கிற கடைசல் இயந்திரத்தில், வேலை பார்த்த எனக்கோ அங்கே இருப்பதிலேயே பெரிய பொருள் தாமஸ் பிளான்சார்டு என்பவர் உருவாக்கிய லேத்.

1820களில் செய்தது. சாதாரண லேத்தில் உருண்டையாகத்தான் கடைய முடியும். துப்பாக்கியின் மரக்கட்டையோ ஓரிடத்தில் தட்டை, ஓரிடத்தில் வளைவு. அதுவரை உளி பிடித்து ஒவ்வொன்றாகச் செதுக்கினார்கள். பிளான்சார்டு மாதிரிக் கட்டை ஒன்றையும் செதுக்க வேண்டிய மரத்தையும் ஒன்றாகச் சுழலவிட்டார். ஒரு சக்கரம் மாதிரியைத் தடவிக்கொண்டே நகரும். அங்குள்ள மேடு பள்ளத்துக்குத் தக்கபடி வெட்டும் சக்கரம் மரத்தில் ஆழமாகவோ மேலாகவோ இறங்கும். எத்தனை கட்டை போட்டாலும் அதே வடிவம்! காப்பி டர்னிங், அதாவது மாதிரியைப் பின்பற்றி அதே வடிவம் கடையும் வேலை செய்த எவருக்கும் இதைப் பார்த்ததும் புரிந்துவிடும். நான் அந்த இடத்தை விட்டு நகர மனமில்லாமல் நின்றேன்.

அப்புறம் 1842 மாடல் மஸ்கட் என்கிற நீளத் துப்பாக்கி. பார்க்கச் சாதாரணமாக இருக்கும், தாண்டிப் போய்விடாதீர்கள். அதற்கு முன்பு பெரும்பாலும் ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றில் அப்படியே உட்காராது. ஃபிட்டர் அரம் போட்டுத்தான் பொருத்த வேண்டும். இந்த மாடலில் ஸ்பிரிங்ஃபீல்டில் செய்த பாகம், அரசின் இன்னொரு தொழிற்சாலையான ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் செய்த துப்பாக்கியிலும் உட்காரும். காரணம் கேஜ்கள், அதாவது பாகத்தின் அளவு சரியா என்று பார்க்கும் கருவிகள். அளவைக் கண்ணும் கையும் முடிவு செய்யாமல் கேஜ் முடிவு செய்தது. இதை ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் ஜான் ஹால் என்பவர் தன் ரைஃபிளில் முன்பே செய்துகாட்டியிருந்தார். அவருக்கு இன்னும் பெரிய பெயர் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1936-ல் ராணுவம் ஏற்ற எம்1 ரைஃபிளும் இங்கே பிறந்ததுதான். அதை வடிவமைத்த ஜான் கேரண்ட், அதைத் தயாரிக்கும் கருவிகளையும் தானே வடிவமைத்தார். வரைபடத்தோடு நிற்காமல், அந்தப் பாகத்தை எந்த மெஷினில், எப்படிப் பிடித்துக் கடைவது என்றும் யோசித்த மனிதர். அவர் மேல் எனக்கு இருக்கும் மரியாதை அதனால்தான்.

வளாகத்தின் பெரும்பகுதியில் இப்போது தொழில்நுட்பக் கல்லூரி நடக்கிறது. மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள்.