மீரட் கத்தரி, 12 அங்குலம்: ஒரு கட்டிங் மாஸ்டரின் மதிப்பீடு

மயிலாப்பூரில் பரதநாட்டிய உடைகள் தைக்கும் ஒரு பட்டறையில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். அளவெடுப்பதும், பிரவுன் பேப்பரில் பேட்டர்ன் வரைவதும், அதைப் பட்டுப் புடவையின் மேல் வைத்து வெட்டிக் கொடுப்பதும் என் பொறுப்பு. ஆறு ஆண்டுகளாக நான் துணிக்கென்று வைத்திருப்பது பித்தளைப் பிடி போட்ட 12 அங்குல மீரட் கத்தரி ஒன்றுதான். பாரிமுனையில் ஒரு தையல் சாமான் கடையில் 850 ரூபாய்க்கு வாங்கினேன். வேலை பழக வருகிற பிள்ளைகள் எந்தக் கத்தரி வாங்கலாம் என்று கேட்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன். ஆனால் இதை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும், வாங்கியபின் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்வது சரியல்ல.

உத்தரப் பிரதேசத்து மீரட்டில் கத்தரி செய்வது பல தலைமுறைகளாக வரும் கைத்தொழில். 2013ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கழித்துப்போட்ட வாகனங்களின் எஃகை அடித்து அலகு செய்கிறார்கள்; பழைய பாத்திரங்களை உருக்கிப் பிடி வார்க்கிறார்கள். தாத்தா வாங்கியதைப் பேரன் பயன்படுத்துவான் என்பது அந்த ஊர்க் கத்தரியைப் பற்றிய வழக்கு. இரண்டு அலகுகளும் ஒரு திருகாணியில் நிற்பதால், கழற்றலாம், சாணை பிடிக்கலாம், மீண்டும் பூட்டலாம். பிளாஸ்டிக் பிடிக்குள் அலகைப் பதித்து, நடுவில் ஆணியடித்து மூடிய கத்தரிகளில் இதற்கு வழியே இல்லை.

பிடி மேல்நோக்கி வளைந்திருப்பதை அழகுக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த வளைவினால்தான் கீழலகு மேசையோடு படிந்து நகர்கிறது. துணி மேசையை விட்டு எழும்புவதில்லை. நேரான பிடியுள்ள கத்தரியால் பட்டுத் துணியை வெட்டும்போது கை மேசையில் இடிக்காமல் இருக்கத் துணியைத் தூக்கவேண்டியிருக்கிறது. தூக்கிய துணி நழுவுகிறது. பேட்டர்னில் அரை அங்குலம் என்று குறித்தது துணியில் கால் அங்குலமாக வந்து நிற்கிறது. குழந்தைகளின் உடைகளுக்கு நாங்கள் வளர்ச்சியை எண்ணிப் பக்கத் தையலில் இரண்டு அங்குலம் வரை உள்ளே துணி விடுவோம் என்பதால், அங்கே இந்தப் பிழை தெரியாமல் போகலாம். ரவிக்கையின் கைக்குழி வளைவில் அது ஒருபோதும் மறையாது.

இந்தக் கத்தரியின் உண்மையான சோதனை காஞ்சிபுரம் பட்டின் கரை. அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. ஆகவே ஆறு அங்குலக் கரையைக் குறுக்கே வெட்டும்போது நாம் துணியை மட்டுமல்லாமல் நூற்றுக்கணக்கான மெல்லிய உலோக இழைகளையும் சேர்த்து வெட்டுகிறோம். உடையின் முன்புறம் மடிப்பு மடிப்பாக விரியும் விசிறிக்கு வெட்டும்போது இது கட்டாயம் வரும். கத்தரி நீளம் குறைந்ததாக இருந்தால் நடுவில் ஒருமுறை மூடித் திறந்து மறுபடி தொடங்க வேண்டும். அப்படி நின்று தொடங்கிய ஒவ்வோர் இடத்திலும் ஓரத்தில் ஒரு பல் விழும், அங்கிருந்து சரிகை பிரியத் தொடங்கும். 12 அங்குலக் கத்தரியில் அலகின் அடியில் தொடங்கினால் முனைக்கு வருவதற்குள் கரை முழுவதும் ஒரே வெட்டில் முடிந்துவிடுகிறது. பதம் சரியாக இருக்கும் நாளில் மொரமொரவென்று ஒரே சீரான ஓசை கேட்கும். எங்காவது ஓசை மாறினால் அந்த இடத்தில் அலகு மழுங்கியிருக்கிறது என்று பொருள். பிறகு ஈடுசெய்யவே முடியாத ஒரு புடவையை, பலநேரம் பாட்டியின் கல்யாணப் புடவையை, மேசையில் விரித்துவைத்திருக்கும்போது அந்த ஓசை தரும் நிம்மதியை இத்தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். கடையிலிருந்து வரும் நிலையில் இது வேலைக்கு ஆயத்தமாக இருப்பதில்லை. நான் வாங்கியதில் அடிப்பகுதி நன்றாக வெட்டியது. முனை ஓர் அங்குலத்துக்குத் துணியை மென்றது. நாட்ச் (துணி ஓரத்தில் இடும் சிறு அடையாள வெட்டு) போடுவதும், முழங்கால் மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியில் உடை கிழியாமல் இருக்கப் பைஜாமாவின் கவட்டையில் வைக்கும் பட்டைத் துண்டின் மூலைகளை வெட்டுவதும் முனையால்தான் என்பதால், முதல் சாணைக்குப் பிறகே இதைத் துணியில் வைக்க முடிந்தது.

சாணையிலும் கவனம் வேண்டும். அலகின் உட்புறம் தட்டையல்ல, மெல்லிய குழிவாக இருக்கும். இரண்டு அலகுகளும் எப்போதும் ஒரே புள்ளியில் மட்டும் தொட்டு, அந்தப் புள்ளி முனையை நோக்கி நகர்வதுதான் வெட்டு. வாங்கிய இரண்டாம் ஆண்டு ஒரு கடையில் உட்புறத்தையும் சேர்த்துத் தேய்த்துத் தட்டையாக்கிவிட்டார்கள். பளபளவென்று வந்தது, சல்லாத் துணியைக்கூட வெட்டாமல் மடக்கியது. பிறகு சைக்கிளில் சாணைக்கல் வைத்து வரும் பெரியவர் ஒருவர் மூன்று தடவை உட்கார்ந்து அந்தக் குழிவை மீட்டுக்கொடுத்தார். அலகில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, "பேப்பர் வெட்டினீங்களா மாஸ்டர்?" என்று அவர் கேட்பார். வெட்டியிருப்பேன்; அவசரத்தில் பேட்டர்ன் ஓரத்தை இதிலேயே சரிசெய்திருப்பேன். காகிதத்தில் கலந்திருக்கும் களிமண் போன்ற நிரப்புப் பொருள்கள் துணியைவிட விரைவில் பதத்தைத் தின்றுவிடும். பேட்டர்னுக்கு வேறு கத்தரி வேண்டும், மலிவானதே போதும்.

கடலோர ஊரில் இந்த எஃகு துருப்பிடிக்கும். இரவில் துடைத்து, திருகாணியில் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டு, அந்த எண்ணெய் வெளியே கசியாமல் ஒத்தி எடுக்காவிட்டால் மறுநாள் முதல் வெட்டில் பட்டில் கறை விழும். எடை அரைக் கிலோவை ஒட்டியது. நாள் முழுவதும் வெட்டுபவர்களுக்கு முதல் மாதம் கட்டைவிரலின் அடியில் வலி இருக்கும். சிறிய கைகளுக்கு 10 அங்குலம் பொருந்தும், ஆனால் கரையை ஒரே வெட்டில் முடிக்கும் வசதி போய்விடும். இடக்கையர்களுக்கு இது பயன்படாது: மேலலகு வெட்டுக் கோட்டை மறைக்கும், விரலழுத்தம் அலகுகளை விலக்கிவிடும்.

வாங்கப் போகும்போது நனைத்த மல்துணியில் ஒரு துண்டு எடுத்துப் போங்கள். கத்தரியை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இரண்டு அலகுகளுக்கும் நடுவே மெல்லிய கீற்றாக ஒளி தெரியவேண்டும். முனையில் மட்டும் அவை தொட்டிருக்கவேண்டும். பிறகு நனைந்த துணியை முனையால் மட்டும் வெட்டிப் பாருங்கள். ஓரம் சுத்தமாக விழும் கத்தரி கிடைக்கும்வரை ஒரே பெட்டியிலிருந்து நான்கைந்தை எடுத்துக் காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம்; கையால் செய்தவை என்பதால் ஒன்று போல் ஒன்று இருப்பதில்லை.