மனமெய்யியலும் நரம்பறிவியலும்: மதுரையில் நடக்கும் சனிக்கிழமை வகுப்பு, ஒரு மதிப்புரை

மதுரையில் வைகைக்கு வடகரையில் இருக்கும் ஒரு கலை அறிவியல் கல்லூரியில், மெய்யியல் துறையும் விலங்கியல் துறையும் சேர்ந்து சனிக்கிழமை பிற்பகல்களில் ஒரு சான்றிதழ் வகுப்பு நடத்துகின்றன. மனம் என்பது என்ன, மூளையோடு அதற்கு என்ன உறவு என்னும் கேள்வியை இரண்டு துறைகளின் பக்கத்திலிருந்தும் ஒரு பருவம் முழுக்கப் பேசுவது அதன் நோக்கம். ஆசிரியர்கள் பாடத்திட்டத்தை இன்னும் திருத்திக்கொண்டிருப்பதாலும், நான் குறைகளையும் எழுதப்போவதாலும், கல்லூரியின் பெயரை இங்கே தரவில்லை. நான் மெய்யியலில் முதுகலை முடித்து, இளங்கலை உளவியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்துபவள். "மனசு மூளைக்குள்ளேதானே மேடம் இருக்கு?" என்று ஆண்டுதோறும் ஒரு மாணவராவது கேட்பார், அதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்புவது எனக்கு ஒருநாளும் நிறைவு தந்ததில்லை. அந்த மனக்குறையோடுதான் இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

நம் கல்லூரிகளில் இந்தக் கேள்விக்கு வீடு கிடையாது. விலங்கியல் மாணவர் நரம்பணுவின் மின்துடிப்பைப் பக்கம் பக்கமாகப் படிக்கிறார். அந்தத் துடிப்புக்கும் பல்வலிக்கும் என்ன தொடர்பு என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. மெய்யியல் மாணவர், மனமும் உடலும் வேறுவேறு பொருள் என்று சொன்ன பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மெய்யியலாளர் டெகார்ட்டின் இருமைவாதத்தைத் தேர்வில் ஐந்து பக்கம் எழுதுகிறார். அவர் மூளையைப் படத்தில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வும் வேறு, ஆய்வு நெறியாளரும் வேறு, நூலகத்தில் அடுக்கும் வேறு என்று இருக்கும்போது இந்த இருவரும் எதிரெதிரே உட்கார வாய்ப்பே இல்லை. அவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்ததே இந்த வகுப்பின் முதல் சிறப்பு.

உட்காரவைத்த விதமும் நன்றாக இருந்தது. முதல் வாரங்களில் ஒரு நாள், முன்கூட்டியே பார்மலினில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்திய ஆட்டு மூளைகளைத் தட்டுகளில் வைத்து, தட்டுக்கு இரண்டு விலங்கியல் மாணவர், இரண்டு மெய்யியல் மாணவர் என்று பிரித்தார்கள். இரண்டு அரைக்கோளங்களையும் விரலால் மெல்ல விலக்கினால் நடுவில் அவற்றை இணைக்கும் கார்ப்பஸ் கலோசம் வெண்ணிறப் பட்டையாகத் தெரிகிறது. அதை நீளவாக்கில் வெட்டித் திறந்து, பின்பக்கத்தில் சிறுமூளைக்குச் சற்று முன்னால் பார்த்தால், ஒரு சிறு மணி போலப் பினியல் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூளையில் மற்றதெல்லாம் இரட்டையாக இருக்க இது ஒன்று மட்டும் ஒற்றையாக இருக்கிறது என்று கருதியதால்தான் ஆன்மாவும் உடலும் சந்திக்கும் இடம் இதுவே என்று டெகார்ட் முடிவுசெய்தார். 1649இல் வந்த அவருடைய கடைசி நூலில் அதை விரிவாக எழுதினார். ஆம்ஸ்டர்டாமில் இருந்த காலத்தில் இறைச்சிக் கடைகளுக்குப் போய் விலங்குத் தலைகளை வாங்கி அறுத்துப் பார்த்தவர் அவர். இடுக்கியால் அந்தச் சுரப்பியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்ட ஒரு மெய்யியல் மாணவி, இத்தனை சிறியதா என்று கேட்டுவிட்டு, அடுத்த நொடியே போஹீமியாவின் இளவரசி எலிசபெத் 1643இல் டெகார்ட்டுக்கு எழுதிய கேள்வியைத் தானே எழுப்பினார்: உருவமே இல்லாத ஆன்மா உருவமுள்ள ஒன்றை எப்படித் தள்ளும்? அந்தக் கேள்வியைப் பாடப்புத்தகத்தில் பலமுறை படித்திருக்கிறேன். அதன் கூர்மை எனக்கு அன்றைக்குத்தான் தைத்தது.

இந்த வகுப்பின் உச்சம் என்று நான் கருதுவது வௌவால் பற்றிய அமர்வு. மெய்யியலாளர் தாமஸ் நேகல் 1974இல் எழுப்பிய கேள்வி மெய்யியல் படித்த எல்லாருக்கும் தெரியும்: எதிரொலியால் உலகை அறியும் வௌவாலின் உடலியலை முழுவதும் தெரிந்துகொண்டாலும், வௌவாலாக இருப்பது அதற்கு எப்படி இருக்கிறது என்பது நமக்குத் தெரியுமா? விலங்கியல் ஆசிரியர் அங்கேயே நிற்காமல், நேகல் எழுதிய அதே பத்தாண்டில் மதுரையில் நடந்த வேலைக்கு வந்தார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவருடன் மாரிமுத்து, சுப்பராஜ் ஆகியோரும், வெளிச்சமே எட்டாத குகைக்குள் வாழும் ஒருவகைப் பூச்சியுண்ணி வௌவால்களின் நாள்சுழற்சியை ஆராய்ந்தார்கள். குகைக்குள்ளேயே கூண்டில் அடைபட்ட வௌவால், சுற்றிலும் அதன் கூட்டம் வழக்கம்போல மாலையில் கிளம்பி விடியலில் திரும்பிக்கொண்டிருந்தால், வெளிச்சத்தைப் பார்க்காமலேயே அந்தக் கூட்டத்தின் நேரத்துக்குத் தன் சுறுசுறுப்பைப் பொருத்திக்கொள்கிறது. கூட்டம் இல்லாத இடத்தில் அதன் உள்கடிகாரம் தன்போக்கில் விலகி ஓடுகிறது. இந்தக் கண்டுபிடிப்பு 1978இல் வெளியானது. அதே பல்கலைக்கழகத்தில் பின்னாளில், கடிகாரமும் பகலொளியும் இல்லாத தனியறையில் மனிதர்களைத் தங்கவைத்து அவர்களுடைய தூக்க விழிப்புச் சுழற்சியையும் அளந்தார்கள்.

இதை விளக்கிவிட்டு ஆசிரியர் வகுப்பிடம் கேட்டது இதுதான்: கூண்டில் இருந்த வௌவால் தன் கூட்டம் கிளம்புவதை 'உணர்ந்தது' என்று ஆய்வுக் கட்டுரையில் எழுதலாமா? விலங்கியல் மாணவர்கள் பெரும்பாலும், அளந்தது நடமாட்டத்தை மட்டும்தான், அதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதக்கூடாது என்றார்கள். மெய்யியல் மாணவர்கள், எழுதாமல் விட்டால் மட்டும் கேள்வி போய்விடுமா என்று திருப்பிக் கேட்டார்கள். விவாதம் வகுப்பு நேரத்தைத் தாண்டி மரத்தடிக்கும் தேநீர்க் கடைக்கும் போனது. மதுரைப் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த ஓர் அறிவியலை, மதுரை மாணவர்களிடம் இப்படிக் கொண்டுசேர்த்ததற்காகவே அந்த ஆசிரியரைப் பாராட்ட வேண்டும்.

நரம்பறிவியலாளர் பெஞ்சமின் லிபெட்டின் 1983ஆம் ஆண்டுச் சோதனையை நடத்திக்காட்டிய அமர்வும் தரமானது. விரலை அசைக்க வேண்டும் என்று நாம் உணர்வதாகச் சொல்லும் கணம் அசைவுக்குச் சுமார் 200 மில்லிநொடி முன்னால் வருகிறது. அசைவுக்கு முன் மூளையில் மெல்ல எழும் மின்மாற்றமான ஆயத்த மின்னழுத்தமோ சுமார் 550 மில்லிநொடி முன்பே எழத் தொடங்கிவிடுகிறது. எனவே முடிவெடுப்பது நாம்தானா என்ற ஐயம் எழுகிறது. மின்னழுத்தத்தைப் பதிவுசெய்யும் கருவி கல்லூரியில் இல்லை. ஆனால் 2.56 நொடியில் ஒரு சுற்று சுற்றும் புள்ளியைக் கணினித் திரையில் ஓடவிட்டு, விசையை அழுத்தத் தோன்றிய கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று எங்களைச் சொல்லச் சொன்னார்கள். ஒருவர் சொன்ன இடத்துக்கும் அவரே அடுத்தமுறை சொன்ன இடத்துக்கும் இருந்த வேறுபாட்டைப் பார்த்தபோது, அந்த 200 என்ற எண் எவ்வளவு தளர்ந்த தரையில் நிற்கிறது என்பது விளக்கமே இல்லாமல் புரிந்தது. ஆயத்த மின்னழுத்தம் என்பது முடிவின் அடையாளமாக இல்லாமல், மூளையின் தன்னியல்பான ஏற்ற இறக்கங்கள் ஓர் எல்லையைத் தொடும்போது தோன்றுவதாகவும் இருக்கலாம் என்று ஆரோன் ஷூர்கரும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் முன்வைத்த விளக்கத்தையும் மறக்காமல் சொன்னார்கள்.

இவ்வளவு கவனமாகப் போன வகுப்பு, வெளியிலிருந்து வந்த ஒரு பேச்சாளரிடம் தடம் புரண்டது. வண்ணம் தீட்டிய மூளைப் படங்களை வரிசையாகக் காட்டி, அன்பு இங்கே இருக்கிறது, பக்தி இங்கே இருக்கிறது, பேராசை இங்கே இருக்கிறது என்று அவர் ஒரு மணி நேரம் பேசினார். இத்தகைய படங்களை எடுக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவி நரம்பணுக்களின் துடிப்பை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஓரிடத்து இரத்தத்தில் ஆக்சிஜன் நிலை மாறுவதைத்தான் அது பார்க்கிறது. அந்த மாற்றம் துடிப்புக்குச் சில நொடிகள் பின்தங்கி உச்சத்தை அடைகிறது. படத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும் சிறு கனசதுரத்துக்குள் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. இதில் ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை. 2009இல் கிரெய்க் பென்னட்டும் சக ஆய்வாளர்களும் ஒரு செத்த சால்மன் மீனை அந்தக் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களை அதற்குக் காட்டி, ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதிப்பதற்குரிய புள்ளியியல் திருத்தத்தைச் செய்யாவிட்டால் செத்த மீனின் மூளையிலும் 'செயல்பாடு' தெரியும் என்று காட்டினார்கள். மாணவர்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டிய பாடம் அதுதான். மனநல ஆலோசகராகப் போகவிருக்கும் என் மாணவர்கள் இத்தகைய படங்களை நம்பி ஒருவரிடம் 'உங்கள் மூளையில் இந்த இடம் சரியில்லை' என்று சொல்லிவிடக்கூடும் என்பது என் உண்மையான அச்சம். கேள்வி கேட்க நேரம் ஒதுக்காமல் நன்றியுரைக்குப் போனது அந்தப் பேச்சைவிட எனக்கு அதிக வருத்தம் தந்தது.

சைவ சித்தாந்த அமர்வைப் பற்றி எனக்கு முதலில் தயக்கம் இருந்தது. நரம்பறிவியல் எல்லாம் நம் முன்னோர்களுக்கு அன்றே தெரியும் என்ற பேச்சாக அது முடியுமோ என்று நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் மூன்றாம் நூற்பா, அறிகிற ஒன்று எது என்பதை விலக்கி விலக்கித் தேடுகிறது: அது உடம்பா, ஐம்புலன்களா, உயிர்மூச்சா என்று பார்த்து, ஒவ்வொன்றையும் ஒரு காரணம் சொல்லி மறுக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில் மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் நுகர்ச்சியும் இல்லை, செயலும் இல்லை. ஆகவே மூச்சு அறிவுடைப் பொருளாக இருக்க முடியாது என்பது அவற்றுள் ஒன்று. இதை ஆசிரியர் வாதமாகவே எடுத்து, அதன் பக்கத்தில் மார்செல்லோ மாசிமினி குழுவினரின் 2005ஆம் ஆண்டு ஆய்வை வைத்தார். விழித்திருப்பவரின் மூளையில் ஓரிடத்தில் காந்தத் துடிப்பைச் செலுத்தினால் அதன் அலை பல பகுதிகளுக்கும் பரவுகிறது. கனவில்லாத ஆழ்தூக்கத்தில் அதே துடிப்பு செலுத்திய இடத்திலேயே அடங்கிவிடுகிறது. மூளையின் நரம்பணுக்கள் அப்போதும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. அப்படியானால் மெய்கண்டார் மூச்சுக்கு எதிராக வைத்த வாதத்தை நரம்பணுத் துடிப்புக்கு எதிராகவும் வைக்கலாமா, அல்லது பகுதிகளுக்கு இடையிலான தொடர்பே அறிவுக்கு அடிப்படை என்று கொண்டால் அந்த வாதம் தளர்ந்துவிடுமா? சித்தர்களுக்கு நியூரான் தெரியும் என்று குறுக்கிட்ட ஒரு மாணவரிடம், "தெரியும்னு சொன்னா போதாதுப்பா, எந்தப் பாட்டுல, எந்த வாதத்துலன்னு காட்டு" என்று அவர் கனிவோடு சொன்னதை நான் மறக்கமாட்டேன்.

நனவு, அதாவது உணர்வோடு இருக்கும் நிலை, பற்றிய இன்றைய கொள்கைகளுக்கு ஒதுக்கிய நேரம் போதவே இல்லை. மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸிடம் 1998இல் நரம்பறிவியலாளர் கிறிஸ்டோஃப் கோக், நனவுக்குரிய நரம்பு அடையாளம் 25 ஆண்டுக்குள் கண்டுபிடிக்கப்படும் என்று பந்தயம் கட்டி, 2023இல் நியூயார்க்கில் தோல்வியை ஏற்றுக்கொண்டார் என்பதைச் சொன்னார்கள். அதோடு அமர்வு முடிந்தது. எதிரெதிர்க் கொள்கைக்காரர்களே சேர்ந்து சோதனையை வடிவமைத்து 2025இல் வெளியிட்ட முடிவுகள் எந்த ஒரு கொள்கையையும் முழுமையாக ஆதரிக்கவில்லை என்பதும், அதற்கிடையே நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் அவற்றுள் ஒன்றான, தகவல் ஒருங்கிணைவதே நனவு என்னும் ஒருங்கிணைந்த தகவல் கொள்கையைப் போலி அறிவியல் என்று கையெழுத்திட்டு எழுதியதும், கல்வியுலகில் ஒரு கேள்வி எப்படிச் சண்டையிட்டு வளர்கிறது என்பதைக் காட்டும் மிகச் சிறந்த பாடம். ஆய்வுப் படிப்புக்குப் போக நினைக்கும் மாணவருக்கு அது மிகவும் தேவை.

நடைமுறைச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். கட்டணம் ஒரு கல்லூரி மாணவர் தன் கைக்காசில் கட்டக்கூடிய அளவுதான். விவாதம் முழுக்கத் தமிழில் நடந்தது. ஆனால் கொடுத்த அச்சுக் குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்திலிருந்து பேருந்தில் வந்த தமிழ்வழி மாணவர்கள் வீட்டுக்குப் போய்ப் படிக்கத் திணறினார்கள். இது திருத்தக்கூடிய குறை, உடனே திருத்த வேண்டிய குறையும்கூட. சான்றிதழ் நெட் தேர்வுக்கோ உதவிப் பேராசிரியர் பணிக்கோ தகுதியாகாது. அதை நம்பி யாரும் சேர வேண்டாம். மேற்கொண்டு படிக்க விரும்புவோர் நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம் என்று ஆசிரியர்கள் வழிகாட்டினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024இல் வெளியிட்ட, 5,132 வெட்டுகள் கொண்ட கருச்சிசு மூளை வரைபடமான 'தரணி' இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆட்டு மூளை வகுப்புக்கு அடுத்த வாரமே அதைத் திரையில் காட்டியிருக்கலாம்.

முதுகலை மெய்யியல், உளவியல், விலங்கியல், உயிர்வேதியியல் மாணவர்கள் இதில் சேரலாம் என்று தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பள்ளி ஆசிரியர்களும் சேரலாம். எங்களோடு வந்த ஒரு பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் ஆசிரியை கேட்ட கேள்விகளே பல நாள் வகுப்பை நடத்தின. யோகா, மனவளம் என்று எதையாவது எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். நடத்துபவர்களிடம் நான் எழுத்தில் கொடுத்த வேண்டுகோள் மூன்று: மூளைப் படங்களைப் பற்றிய அமர்வைத் துறை ஆசிரியர்களே எடுக்க வேண்டும், வெளியார் யார் பேசினாலும் பேச்சுக்குச் சமமான நேரம் கேள்விக்கு ஒதுக்க வேண்டும், வௌவால் அமர்வை ஒரு வாரத்தில் முடிக்காமல் இரண்டு வாரமாக்க வேண்டும். முதலிரண்டையும் அடுத்த பருவத்திலேயே செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவதற்கு நேரம் கிடைக்குமா என்று பார்ப்பதாகச் சொன்னார்கள்.