கய்யாலை வெள்ளிலையும் நர்சரி முசாண்டாவும்

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை போகிற வழியில் எந்த நர்சரியில் வண்டியை நிறுத்தினாலும் முன்வரிசையில் முசாண்டா நிற்கும். வெள்ளை, ரோஸ், சில இடத்தில் ரத்தச் சிவப்பு. ரோட்டை விட்டு உள்ளே திரும்பி ரப்பர் விளைகளின் (தோட்டங்களின்) எல்லைச் சுவரான கய்யாலையைப் பார்த்தால் அதே குடும்பத்துச் செடி ஒன்று, யாரும் நடாமல் யாரும் தண்ணீர் ஊற்றாமல் சாய்ந்து படர்ந்து கிடக்கும். பச்சைக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை இலை. அதுதான் வெள்ளிலை. கேரள எல்லைக்கு அந்தப் பக்கமும் ஏறக்குறைய இதே பெயர்தான்.

வீட்டு முன்னால் இதில் எதை வைப்பது என்று என்னிடம் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இரண்டையும் வைத்து வளர்த்துப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் பூ. இரண்டிலுமே வெள்ளையாகத் தெரிவது பூவிதழ் இல்லை, பூவுக்கு வெளியே இருக்கிற புல்லி இதழ். உண்மையான பூ நடுவில் இருக்கிற செம்மஞ்சள் நட்சத்திரம், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. வெள்ளிலையில் ஒரு கொத்துக்குச் சில பூக்களில் மட்டும், அதுவும் ஐந்து புல்லி இதழில் ஒன்று மட்டும், இலை அளவுக்கு வளர்ந்து வெளுத்துவிடும். பறக்கிற பூச்சிக்குத் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி ஏற்றி வைத்த வெள்ளைக்கொடி அது. நர்சரி வெள்ளை முசாண்டாவில் ஐந்துமே பெருத்துவிடும். 1915இல் பிலிப்பைன்ஸின் மக்கிலிங் மலைச்சரிவில் காட்டு முசாண்டாக்களுக்கு நடுவே தற்செயலாகக் கண்ணில் பட்ட ஒரு செடியிலிருந்து வந்தது இது. பின்னால் அந்த நாட்டு அதிபர் மானுவல் கேசோனின் மனைவி அரோராவின் பெயரை அதற்கு வைத்தார்கள். அதை ஆப்பிரிக்கச் சிவப்பு முசாண்டாவோடு கலந்ததில் ரோஸ் நிறங்களும் வந்து சேர்ந்தன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முசாண்டா என்ற பெயரே இலங்கையில் சிங்களவர்கள் வெள்ளிலைக்கு வைத்திருந்த பெயர். லின்னேயஸ் 1753இல் அதை அப்படியே லத்தீனாக்கிக்கொண்டார். ஒரு தீவுச் செடியின் பெயரோடு இன்னொரு தீவுச் செடி நம் நர்சரிக்கு வந்து நிற்கிறது. பெயர் கொடுத்தது இது, பேர் வாங்கியது அது.

பார்வைக்கு என்றால் முசாண்டாவை அடிக்க முடியாது. ஒரு ஆள் உயரத்துக்குக் குடை மாதிரி நின்று மாதக்கணக்கில் பூத்துத் தள்ளும். ஆனால் அந்த வெள்ளைக் கொத்து பழுத்தால் காப்பி நிறத்தில் சுருண்டு, செடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் நனைந்துவிட்டால் அழுக்குத் துணி காயப்போட்ட மாதிரிதான். கவாத்து செய்யாமல் விட்டால் அடுத்த சுற்றில் பூ குறையும். நல்ல வெயிலும் வேண்டும். தென்னை நிழலில் வைத்தது என் தப்பு. மூன்று வருடம் இலையை மட்டும் காட்டியது. மாவுப்பூச்சி வேறு.

வெள்ளிலைக்கு இந்தக் கவலை இல்லை. காட்டோரத்துச் செடி, பாதி நிழலே போதும். நம் செம்மண்ணும் வெட்டுக்கல் பொடியும் கலந்த புளிப்பு மண் அதற்குச் சொந்த வீடு. குழி வெட்டியபோது கொஞ்சம் சாணிப்பொடி போட்டேன், அதோடு சரி. ஆனால் குணம் வேறு. நிமிர்ந்து நிற்கச் சொன்னால் நிற்காது. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் தோளில் கை போட்டுக்கொள்ளும். ஐந்தடி முற்றமும் ஒரு கேட்டும் மட்டும் உள்ளவர்கள் வெள்ளிலையை வைத்துவிட்டு என்னைத் திட்ட வேண்டாம். அங்கே முசாண்டாவே போதும்.

நாற்று கிடைப்பதுதான் பெரிய வித்தியாசம். முசாண்டாவை 250 ரூபாய் கொடுத்துக் கையோடு வாங்கி வந்தேன். வெள்ளிலை விற்கிற நர்சரியை நான் பார்த்ததில்லை. ஒரு கடையில் கேட்டபோது இலையில் வெள்ளை விழுந்த குரோட்டன்ஸை எடுத்து நீட்டினார்கள். அப்புறம் பக்கத்து விளை மாமியிடம் கேட்டு, ஆனி மழையில் பென்சில் பருமன் கம்புகள் ஆறு வெட்டி மணலும் மண்ணும் கலந்த கவரில் நட்டேன். இரண்டு பிடித்தது. "இதைப் போயி கவருல வெக்கியே மக்களே, நாங்க வெட்டிக் களையிற சாதனம்" என்று மாமி சிரித்தார்.

மாமி வெட்டிக் களைகிறார் என்பதும் பாதிதான் நிஜம். வெள்ளிக்கிழமை தலைகுளிக்க இந்த இலையைத்தான் பறிப்பார். தண்ணீரில் கசக்கிப் பிழிந்தால் வழவழவென்று வரும் தாளி, செம்பருத்தித் தாளிக்கு அண்ணன் தம்பி. முசாண்டா இலையை யாரும் அப்படிப் பறித்து நான் பார்த்ததில்லை.

என் கணக்கில் முடிவைச் சொன்னது விருந்தாளிகள்தான். இந்த வெள்ளை முசாண்டா பெரும்பாலும் காய் பிடிக்காது. பதியம் போட்டும் கம்பு நட்டும்தான் பெருக்க வேண்டும். வெள்ளிலை பச்சைமணி போல் காய்த்துப் பழுக்கும், குருவிகள் வரும். அதைவிட முக்கியம், கமாண்டர் என்கிற செம்பழுப்பு வண்ணத்துப்பூச்சி இதில் முட்டையிடும். சிறகுக்குக் குறுக்கே வெள்ளைப் பட்டை போட்டிருக்கும், கண்டால் விட மாட்டீர்கள். அதன் குட்டிப் புழு இலையின் இரு பக்கத்தையும் தின்றுவிட்டு நடு நரம்பை மட்டும் விட்டு வைக்கும். அந்த நரம்பின் நுனியில் தன் எச்சத்தையே கோத்து நீட்டி, காய்ந்த இலைத் துணுக்குகளைத் திரை மாதிரித் தொங்கவிட்டு, நடுவில் தானும் ஒரு குப்பை போல உட்கார்ந்திருக்கும். இதை முதல் முறை பார்த்தபோது ஏதோ நோய் என்று நினைத்து வேப்பெண்ணெய்க் கரைசலைக் கலக்கிக்கொண்டு போனேன். நல்லவேளை, ஒரு துணுக்கு நகர்ந்தது.

இடையில் தெற்றியைப் பற்றியும் கேட்பார்கள். உங்கள் பக்கத்தில் வெட்சி, இட்லிப்பூ என்பீர்களாயிருக்கும். அதுவும் நம்மூர்ச் செடிதான், கோயிலுக்கும் ஆகும், பழத்தைப் பிள்ளைகள் தின்பார்கள். வாங்கும்போது பழைய உயரமான சிவப்புத் தெற்றியாகக் கேளுங்கள், வேலிக்கு வெட்டி நிறுத்த அதற்கு ஈடில்லை. ஆனால் அதற்கு ஆள் சேர்க்க நான் தேவையில்லை, வீட்டுக்கு வீடு இருக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது கேட்டோரம் வெயிலில் முசாண்டா, கிணற்றுக்குப் பின்னால் கய்யாலை ஓரம் வெள்ளிலை. வருகிறவர்கள் போட்டோ எடுப்பது முசாண்டாவுக்கு முன்னால். போன மாதம் மாமியின் விளையில் ரப்பருக்காகக் கய்யாலையைச் சுத்தமாகச் செதுக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் மாமி எங்கள் கிணற்றடிக்கு வந்து நின்று, "ரெண்டு எலை பறிச்சுக்கிடட்டா?" என்று கேட்டார்.